காப்புக் கையும் கியர் சைக்கிளும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். தாளை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ‘அம்மன் துணை’ என்று எழுதுவேன், அதோடு கை நின்றுவிடும். நான் பத்தாவது வரை படித்துவிட்டு ஐ.டி.ஐ. சேர்ந்தவன். எழுதிய பழக்கம் என்றால் கம்பெனிக்கு எழுதும் லீவு லெட்டர்தான். அதிலும் காரணம் என்ற இடத்தில் எப்போதும் ‘கோயில் விசேஷம்’ என்றுதான் வரும். இன்னொரு பயமும் இருந்தது. இதைப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை, தாயைப் பார்த்துச் சிரித்ததாக ஆகிவிடக் கூடாதே! கடைசியில் போன வெள்ளிக்கிழமை சன்னதியில் நின்று அவளையே கேட்டேன். விளக்கு ஆடாமல் எரிந்தது. சரி, எழுதச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பாறைக் குன்று, மீதிப் பக்கமெல்லாம் கம்பெனி. கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறேன். மனைவி, ஒரு பெண், கோயில், ஷிப்ட். இவ்வளவு போதும் என்று இருந்தவனிடம்தான் அந்த சைக்கிள் வந்து சேர்ந்தது.

எங்கள் கம்பெனிக்கு வந்திருந்த கொரியாக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் வீட்டுச் சாமான்களை ஆயுத பூஜை அன்று குலுக்கல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் ரைஸ் குக்கர் மேல்தான் கண். எனக்கும்தான். வீட்டிலும் சொல்லி அனுப்பியிருந்தாள். என் சீட்டுக்கு விழுந்தது மலையேறும் சைக்கிள். டயர் முழுக்கப் பல். முன்னாலும் பின்னாலும் கியர். கேரியர் கிடையாது, பெல் கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது. நிறுத்த வேண்டும் என்றால், குடித்துவிட்டு வந்த ஆளைச் சாய்ப்பது போலச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். மனைவி வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதுல சோறு எங்க வேகும்?” என்றாள்.

நான் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்த வாரமே, மனைவியின் தம்பி சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டான். யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

“மாமா, பைக்க அடமானம் வெச்சிட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

பைக் உள்ளே நிற்பதைக் காட்டினேன். சீட்டைத் தட்டிப் பார்த்தான், டேங்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்தான். “அப்ப இன்னா கஷ்டம் ஒனக்கு?” என்று கேட்டுவிட்டு, சொல்லக் கூடாத கஷ்டம் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டான்.

அதே வருஷம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் எனக்கு சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றார்கள். ஓடச் சொன்னார்கள். எங்கள் ஊரில் பெரிய ஆள் ஒருவன் விடியற்காலையில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கூடவே ஓடி வந்தார். தெரு முனை தாண்டியதும் மூச்சு வாங்கக் கேட்டார்.

“யாரு வூட்லபா?”

“யாரு வூட்லயும் ஒண்ணும் இல்லண்ணா. சும்மா ஓடிகினு கீறேன்.”

“சும்மாவா!” என்று நின்றுவிட்டார். “பால் ஊத்தப் போறோம்னு நெனச்சி டீயக் கூட வெச்சிட்டு ஓடியாந்தேன்டா, படுபாவி!”

ஓடுகிறவன் என்று தெரிந்த பிறகு ஊர் என்னை விடவில்லை. “ஓடறதுதான் ஓடற, அப்டியே இந்தப் பத்திரிகையெல்லாம் மேட்டுத் தெருவுல குட்த்துட்டுப் போ” என்பார்கள். நான் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதைக் கல்யாணங்களும் மஞ்சள் நீராட்டு விழாக்களும்தான் முடிவு செய்தன. தையிலும் ஆவணியிலும் நன்றாக ஓடினேன். மார்கழியில் உடம்பு போட்டுவிடும். கியர் சைக்கிள் குன்று ஏறும் என்று தெரிந்ததும், திருவிழாவுக்குக் குன்றின் உச்சியில் கோன் ஸ்பீக்கர் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. தலையில் என்றால் தலையில்தான். கேரியர் இல்லாததால் ஸ்பீக்கரை ஹெல்மெட்டுக்கு மேலே கட்டிக்கொண்டு ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றில் ஓட்ட வரும் சென்னைக்காரர்கள் இதைப் படம் எடுத்திருக்கிறார்கள். அவர்கள்தான் எனக்குப் பாறையில் இறங்கும்போது பின்னால் உட்கார வேண்டும், எந்த பிரேக்கை முதலில் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆடு வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

ஆடு வந்தது. பாறையில் நான் இறங்கும் வழியில் ஒரு மந்தையே படுத்திருந்தது. ஆட்டைக் காப்பாற்றினேன், முட்டியைக் கொடுத்தேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நடக்கலாம். ஓடறத மறந்துடுங்க” என்றார். வீட்டில் காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தேன். எதிரே சைக்கிளும் சாய்ந்திருந்தது. ஒரு நாள் அதைப் பார்த்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

அவள் பார்த்திருக்கிறாள். ஈரப் புடவையோடு எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போய், “தாயே, இந்த மனுசன் திரும்ப ஓடிட்டா, வர்ற ஆடியில உன் நெருப்புல எறங்குவாரு” என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள்.

“யாரு எறங்கறது?” என்றேன்.

“நீங்கதான்.”

“நேந்துகினது நீ!”

“நொண்டிக்கினு இருக்கற கால் யாருது?” என்றாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: “நான் என்னிக்கும் அவகிட்ட எதுவும் கேட்டதில்லங்க. இதான் மொத தடவ. வாக்குத் தவறிட்டா நான் அந்த வாசல்ல எந்த மூஞ்சிய வெச்சிகினு நிப்பேன்?”

மாத்திரை கொடுத்தது டாக்டர், காலைக் கொடுத்தது தாய். பங்குனி முடிவதற்குள் ஏரிக்கரையில் மெல்ல ஓட ஆரம்பித்துவிட்டேன். டாக்டரிடமே ஓடிப் போய்க் காட்டினேன். அவர் பழைய படத்தை மறுபடி ஒரு முறை பார்த்தார்.

ஆடி வந்தது. பூசாரி என் வலது கையில் மஞ்சள் கொம்பு கட்டிய நூலைக் கட்டினார். அதுதான் காப்பு. காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடியும் வரை கவுச்சி கிடையாது, செருப்பு கிடையாது, விளக்கு வைத்த பிறகு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கக் கூடாது. பகலில் பிழைப்புக்காக எல்லை தாண்டலாம், விளையாட்டுக்காகத் தாண்டக் கூடாது. முக்கியமாக, காப்பு அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் நெருப்பில் இறங்க முடியாது. நான் இறங்காவிட்டால் அவள் வாக்கு போய்விடும். அந்த நாட்களில் நான் தூங்கும்போதும் வலது கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

முதல் சிக்கல் ஷூ. பெயின்ட் ஷாப்பில் பாதுகாப்பு ஷூ இல்லாமல் கால் வைக்க விட மாட்டார்கள். இதற்குப் பூசாரியிடம் தயாராகவே தீர்ப்பு இருந்தது. ஊரில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள் ஆயிற்றே. “அந்த ஷூ செருப்புல சேராது. அது மிஷின்ல சேரும்” என்றார்.

இரண்டாவது சிக்கல் ஷிப்ட். அந்த வாரம் எனக்கு மதிய ஷிப்ட், வெளியே வர நேரமாகும். அப்படியானால் கம்பெனி எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? பழைய எல்லைக் கல் இருந்த நிலத்தின் மேல்தான் கம்பெனி எழும்பியிருக்கிறது. கல் போன இடம் தெரியாது. எங்கள் ஊர் நாட்டாமையும் பூசாரியும் நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் யூனிபாரத்தோடு உள்ளே நின்றேன்.

“யாரப் பாக்கணும்?” என்றார் செக்யூரிட்டி.

“எங்க எல்லையப் பாக்கணும்” என்றார் நாட்டாமை.

“எல்லையம்மாவா? எந்த கான்ட்ராக்ட்?”

“எல்லையம்மா இல்லபா, எல்லை!”

“முழுப் பேரு சொல்லுங்க. ஹவுஸ் கீப்பிங்கா, கேன்டீனா?”

“கேன்டீன்லதான் இருக்கும்னு நெனைக்கறேன்” என்றார் பூசாரி, உண்மையாகவே.

செக்யூரிட்டி கேன்டீனுக்குப் போன் போட்டுக் கேட்டார். அப்படி யாரும் அங்கே வேலை செய்யவில்லை என்றார்கள். கடைசியில் இரண்டு பேரும் வெளியே ஒரு மண் மேட்டில் ஏறி நின்றார்கள். நாட்டாமை ஒரு கையைக் குன்றின் உச்சிக்கு நீட்டினார், மறு கையை ஏரி மதகுக்கு நீட்டினார். பூசாரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த நேர்க்கோட்டைப் பார்த்தார். எல்லை கம்பெனிக்கு நடுவில்தான் போகிறது. பெயின்ட் ஷாப் எங்கள் ஊர். கேன்டீனில் கை கழுவும் இடம் வரை எங்கள் ஊர். சோறு போடும் இடம் பக்கத்து ஊர்.

“வேல செய்யி. கையி கழுவு. சோத்துக்கு மட்டும் உள்ள போவாத” என்று நாட்டாமை கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்திச் சொன்னார்.

“சாப்பாடும் பொழப்புதானே?” என்றேன்.

“பொழப்புன்னா பகல்லதான் தாண்டலாம். விளக்கு வெச்ச பொறவு பொழப்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

ஆகவே அன்று சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் நான் கை கழுவும் இடத்தில் நின்றேன். என் லைனில் வேலை செய்யும் நண்பன் தட்டை வாங்கி வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நீட்டினான். காப்புக் கட்டிய எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் சிலரும் அதே ஷிப்டில் இருந்தார்கள். அவர்களும் வந்து வரிசையாக நின்றார்கள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கேன்டீனுக்குள் நுழையாமல், பேசாமல் நிற்கிற தொழிலாளிகள். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் அந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. எச்.ஆர். அதிகாரி வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பின்னாலேயே இரண்டு சூப்பர்வைசர்கள்.

“என்ன பிரச்சின? எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம். கோரிக்க என்ன?”

“கோரிக்கைன்னு ஒண்ணும் இல்ல சார்” என்றேன். “எல்லைதான் சார்.”

“எல்ல மீறிட்டாங்களா? யாரு? சூப்பர்வைசரா?”

சூப்பர்வைசர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரும் மீறல சார். மீறக் கூடாதுன்னுதான் நிக்கறோம்.”

“சரி, யாரு மீறுவாங்கன்னு சந்தேகப்படறீங்க?”

“நாங்கதான் சார்.”

அவர் வாட்டர் கூலரில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். நான் காப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், கேட்டு முடித்ததும் அவருக்கு உயிர் வந்தது. கை கழுவும் இடத்திலேயே இரண்டு மேஜை போடச் சொன்னார். போட்ட பிறகு, அங்கே காற்று நன்றாக வருகிறது என்று காப்புக் கட்டாதவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காப்புக் கட்டிய நாங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து எங்கள் ஏரியைச் சுத்தம் செய்வதற்காக ஒரு போட்டி வைத்திருந்தார்கள். முதலில் மலை சைக்கிளில் குன்றைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும், பிறகு ஏரியைச் சுற்றி ஓட வேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து குப்பை எடுக்க வேண்டும். காப்புக் கட்டுவதற்கு முன்பே கம்பெனி என் பெயரைக் கொடுத்து, பனியனும் அடித்துவிட்டது. அது தீமிதி நடக்கிற அதே ஞாயிற்றுக்கிழமை காலையில். குன்றின் அந்தப் பக்கம் வேறு ஊர். ஏரிக்கரையில் பாதியும் வேறு ஊர். போட்டியோ விளையாட்டு.

“போவாதீங்கன்னா போவாதீங்க” என்றாள் மனைவி. “ஒரு நாள் ஓடலன்னா இன்னா?”

“ஓட வெக்கத்தானே நேந்துகின?”

“அப்ப பூசாரியக் கேளுங்க” என்றாள்.

கோயில் மரத்தடியில் அன்று நடந்த விவாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. ஏரி எங்கள் ஏரி, அதைச் சுத்தம் செய்வது ஊர்க் காரியம், ஆகவே இவன் போக வேண்டும் என்றார் நாட்டாமை. எல்லை தாண்டக் கூடாது என்றார் பூசாரி. யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

“தாண்டறதுன்னா இன்னா?” என்றார் நாட்டாமை. “அந்த ஊரு மண்ணுல கால் படறதுதானே தாண்டறது? சைக்கிள்ல போனா காலு எங்க படுது?”

பூசாரி யோசித்தார். “சரி. சைக்கிள் ஓகே. ஓடறான்ல, அதுக்கு?”

“நம்ம ஊரு மண்ண காலடியில வெச்சிகினு ஓடட்டும். எங்க மிதிச்சாலும் நம்ம ஊருதான்.”

“எப்டி வெச்சிப்பான்? செருப்பு போடக் கூடாதே!”

“சாக்ஸ்!” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“சாக்ஸ் செருப்புல சேருமா?”

“தோலு இருக்கா அதுல?”

“இல்ல. நூலு.”

“அப்ப அது துணி” என்றார் பூசாரி. தீர்ப்பு ஆகிவிட்டது. அவரே கோயில் வாசல் மண்ணை எடுத்து, சலித்து, என் சாக்ஸ் இரண்டிலும் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு காலை. வருகிறவர்கள் கையில் எல்லாம் பிளாஸ்டிக் பட்டை மாட்டினார்கள், எங்கள் கம்பெனிக்கு மஞ்சள். காப்புக்குப் பக்கத்திலேயே அதையும் மாட்டிவிட்டார்கள். குன்று ஏறுவதில் எனக்குப் பயமில்லை, இறங்குவதில்தான். அந்தப் பக்கத்து ஊரில் காலை ஊன்றக் கூடாது என்பதால் பிரேக் பிடித்து நிற்கவே முடியவில்லை. எதிரே வந்தவர்களிடம், “ஒத்திக்கங்க, நான் எறங்கக் கூடாது!” என்று கத்திக்கொண்டே போனேன். அவர்கள் அதை வீரம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு திருப்பத்தில் விழப் போய், சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்து, மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று, மறுபடி மிதித்தேன். மரம் மண் இல்லை.

பிறகு ஓட்டம். ஷூ இல்லாமல், வெறும் சாக்ஸில், உள்ளே மண்ணோடு ஓடினால் கால் என்ன பாடு படும் என்று சொல்லத் தேவையில்லை. சென்னைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் ஓடிக்கொண்டே என் காலைப் பார்த்தார்.

“இது புது டெக்னிக்கா சார்? வெயிட் ட்ரெய்னிங்கா?”

“இல்ல சார், மண்ணு.”

“என்ன பிராண்டு?”

“எங்க ஊரு” என்றேன். அவர் நிறைய நேரம் யோசித்தபடி என் கூடவே ஓடினார்.

ஏரி மதகில்தான் முடிவுக் கோடு. நான் எத்தனையாவது வந்தேன் என்று தெரியாது. எனக்குப் பின்னால் சிலர் இருந்தார்கள், முன்னால் நிறையப் பேர். ‘தாயே, முடிஞ்சுது, காப்பு பத்திரமா இருக்கு’ என்று கையைத் தூக்கிக் கும்பிட்டேன். அங்கே ஒரு பெரியவர் நின்றிருந்தார், பேங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சென்னையிலிருந்து உதவிக்கு வந்தவர். வருகிறவர்களின் கைப் பட்டையைக் கத்தரித்துப் பையில் போடுவது அவர் வேலை. தூக்கிய கையைப் பிடித்தார். மஞ்சள் பட்டை, மஞ்சள் நூல். இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு.

நான் கத்திய கத்தலில் குப்பை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். “ரூல் சார், எல்லாத்தையும் கட் பண்ணணும்னு சொன்னாங்க” என்றார் பெரியவர். அது என்ன நூல் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னதும் அவர் கத்தரிக்கோலைக் கீழே போட்டார். கரையிலேயே பையைக் கொட்டினோம். சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டைகளின் குவியல். அதில் எங்கள் ஊர்க்காரர்களும், சென்னைக்காரர்களும், பெரியவரும், மண்டி போட்டுத் தேடினோம். மஞ்சள் கொம்பு பெரியவர் கையில்தான் அகப்பட்டது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, “நானும் வரேன். நானே உங்க வீட்ல சொல்றேன்” என்றார். தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவர்தான் அழுதார். எனக்கு அழுகை கூட வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பேன் என்று அவள் கேட்டது மட்டும்தான் காதில் இருந்தது.

மனைவி வாசலில் மஞ்சள் புடவையில் நின்றாள். நான் இறங்கப் போகும் நாள் என்று அவளும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். பெரியவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். என் வெறுங்கையைப் பார்த்தாள். கொம்பை வாங்கிக்கொண்டு கோயிலை நோக்கி நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம்.

பூசாரி முதலில் கேட்டது, “எங்க அறுந்துது? எல்லைக்கு உள்ளயா, வெளியயா?”

“மதகு மேல” என்றேன்.

மதகுதான் எல்லை. பூசாரியும் நாட்டாமையும் வெகு நேரம் பேசிக்கொண்டார்கள். பெரியவர், “தப்புக்கு அபராதம் ஏதாவது இருந்தா நான் கட்டிடறேன்” என்றார். “அம்மன் பேங்க்கு இல்லீங்களே” என்றார் பூசாரி, வருத்தமாகத்தான். பிறகு என்னிடம் வந்தார். “அறுந்தது அறுந்ததுதாம்பா. திருப்பிக் கட்டற வழக்கமே கெடையாது. காப்பு இல்லாத ஆள நான் நெருப்புல எறக்க மாட்டேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“அடுத்த வருசம்னு நான் சொல்லலியே அவகிட்ட” என்றாள் மனைவி. “இந்த ஆடின்னு சொன்னேன்.”

“அதுக்கு நான் இன்னாம்மா பண்ண? காப்பு அறுந்துடுச்சே!”

“எங்க அறுந்துது? அவரு கையிலதானே? நேந்துகினது அவரு கையா? என் வாயி. என் வாயி அறுந்துச்சா?”

பூசாரி நாட்டாமையைப் பார்த்தார். நாட்டாமை, நான் இதுவரை பார்த்திராத மாதிரி, தரையைப் பார்த்தார்.

“பொம்பளைங்களும் எறங்கறாங்கதான். ஆனா கையில காப்பு இல்லாம எப்டிம்மா...” என்று பூசாரி இழுத்தார்.

அவள் அந்த மஞ்சள் கொம்பை நூலோடு எடுத்துத் தன் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, பேச முடியாது.

பொழுது சாயும் நேரத்தில் நெருப்பைப் பரப்பினார்கள். முன்னால் கரகம், பின்னால் காப்புக் கட்டியவர்கள், அவர்களோடு அவள். நான் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியவன் நான், குன்று ஏறியவன் நான். ஷேர் ஆட்டோ போய்விடுமே என்று கூட ஓடாதவள் அவள். அவள் முறை வந்ததும் பூசாரி தள்ளி நின்று வழி விட்டார். வேப்பிலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். ஓடவில்லை. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வருவது போல நடந்து வந்தாள். அந்தப் பக்கம் பாலில் காலை நனைத்துவிட்டு, வாயிலிருந்த கொம்பை எடுத்து அம்மன் காலடியில் வைத்தாள். என்னைத் தேடிப் பார்த்தாள்.

“குட்த்துட்டேன்” என்றாள். பக்கத்தில் இருந்த பேங்க் பெரியவர் தரையில் விழுந்து கும்பிட்டார். நானும் விழுந்தேன். முட்டி வலிக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் இது எப்படி எல்லாமோ சொல்லப்படுகிறது. படப்பைப் பக்கம், நான் சைக்கிளோடு நெருப்பைத் தாண்டினேன் என்கிறார்கள். மணிமங்கலத்தில் ஒருவர், கத்தரிக்கோலோடு வந்தவள் அம்மனே என்றார். கம்பெனியில், நான் கேன்டீன் போராட்டத்துக்காக நெருப்பில் இறங்கினேன் என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். எந்தக் கதையிலும் நெருப்பில் இறங்கியவன் நான்தான். கடைவீதியில் தெரியாதவர்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட வருகிறார்கள். மறுத்தால் அடக்கம் என்கிறார்கள். மனைவியிடம் சொன்னால், “சொல்லிட்டுப் போறாங்க, வுடுங்க. அந்தத் தாய்க்குத் தெரியும்” என்கிறாள். அவளுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு பிடி கூடப் போட வேண்டாம், ஒரு பிடி குறைக்கவும் வேண்டாம். என் காப்பு அறுந்தது. நான் வெளியே நின்றேன். நெருப்பில் நடந்தவள் என் மனைவி. அம்மன் துணை.